கசக்காத மாத்திரை

மாத்திரை கசக்கவில்லை. தையல்காரருக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். அந்த வலிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். நல்ல கூத்து.

"மருந்துன்னா கசக்கணும். என் தலையில மாவைக் கட்டிட்டாங்க," என்று மனைவியிடம் புலம்பினார்.

"எதுவா இருந்தா என்ன, முழுங்கிட்டுப் பேசாம இருங்க," என்றாள் அவள்.

மிச்ச மாத்திரையை எண்ணிக் காட்ட டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போன அடுத்த பரிசோதனையன்று, பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர். அவருக்கும் இதே வலி, இதே ஆராய்ச்சி, இதே வெள்ளை மாத்திரை.

"உங்களைப் பாத்தா நோயாளி மாதிரியே தெரியலையே," என்று தையல்காரரை ஏற இறங்கப் பார்த்தார். நர்ஸ் ட்ரெட்மில்லுக்குக் கூப்பிட்டதும், "பையை நான் பாத்துக்கறேன், நிம்மதியா நடந்துட்டு வாங்க," என்றார்.

தையல்காரர் நான்கே நிமிஷத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். தன் பையை இவரிடம் கொடுத்துவிட்டு அடுத்துப் போன கண்டக்டரோ ஒன்பது நிமிஷமாகியும் நடந்துகொண்டிருந்தார். சந்தேகமே இல்லை, நிஜ மருந்து அந்த ஆளிடம்தான் இருக்கிறது. அவர் பையோ இப்போது இவர் மடியில் இருக்கிறது.

தன் டப்பா மாத்திரையை அவர் டப்பாவிலும் அவர் டப்பா மாத்திரையைத் தன் டப்பாவிலும் மாற்றிக் கொட்டினார்.

வீட்டில் போட்ட முதல் மாத்திரையே கசந்தது. நாலாம் நாள் மூன்று மாடியும் நிற்காமல் ஏறினார். மனைவி வாயைப் பிளந்தாள்.

அடுத்த வாரம் கண்டக்டர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் நாற்காலி காலி.

தையல்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஐயோ, மனுஷனைக் கொன்றேவிட்டேனோ? பாவம் தீர மாத்திரையை நிறுத்தினார். வலி திரும்பி வந்தது. மிச்ச மாத்திரையை நர்ஸ் எண்ணுவாரே என்று வாஷ்பேசினில் கொட்டினார். தினசரி வலிக் குறிப்பேட்டில் 'வலி இல்லை' என்றே எழுதினார். ஒரு வாடிக்கையாளர் சட்டைக்கு இரண்டும் இடது கையாக வைத்துத் தைத்தார்.

குறிப்பேட்டைப் பார்த்த நர்ஸ் பூரித்துப் போனார். "ஒரு நாள்கூட வலிக்கலையா? அப்போ இன்னிக்கு ட்ரெட்மில் வேகத்தைக் கூட்டிடலாம்."

தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம்மா. என்னைப் போலீஸ்ல புடிச்சுக் கொடுத்துடுங்க. அந்தக் கண்டக்டரைக் கொன்னுட்டேன்," என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"அவரா? கல்லு மாதிரி இருக்காரு. உங்க முகத்துல முழிக்க முடியாம வேற கிழமைக்கு மாத்திக்கிட்டாரு."

"அவர் ஏம்மா என் முகத்துல முழிக்க பயப்படணும்?"

நர்ஸ் பேனாவை மூடினார். "நீங்க ட்ரெட்மில்ல இருந்தப்பவே அவர் ரெண்டு டப்பாவையும் மாத்திக் கொட்டிட்டாராம், நேத்துதான் அழுதுக்கிட்டே சொன்னாரு. அதை நீங்க திருப்பி மாத்தியிருக்கீங்க. மூணு மாடி ஏறினது உங்க பழைய மாத்திரையாலதான்."