மவுஸ் உருட்டிய நீதி

இதுவரை பிறந்த நீதிபதிகள் அத்தனை பேரும் எங்கள் கிடங்கு மேனேஜரின் மவுஸுக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். நான் மூட்டை தூக்குகிறவன், படிப்பு கம்மி. ஆனாலும் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் மருமகன் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். கிடங்குக்குள் ஒரு மூலையில் திரும்பும்போது வாட்ச்மேன் மேல் மோதிவிட்டான். அவருக்குக் கால் முறிந்தது. இவனுக்கு வேலை இருக்குமா, போகுமா என்று முடிவு செய்ய ‘உயர்மட்ட விசாரணை’ கூடியது. விபத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே ஓட்டிக் காட்ட ஒரு கிராபிக்ஸ் பெண்ணை வரவழைத்திருந்தார்கள். சாட்சி என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி.

முதலில் திரைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் கேமராவைக் கூரைக்கு ஏற்றினார்கள். அந்தப் பெண் எதையோ தட்டினாள். எட்டத்தில் எறும்பாகத் தெரிந்த வாட்ச்மேன், கிட்டத்தில் நிற்பவர் மாதிரி பெருத்துவிட்டார்.

“இந்தப் பார்வையில தூரத்துல இருக்கறது சின்னதா தெரியாது சார்.”

ஆயுசு முழுக்க யார் கண்ணிலும் படாத மனுஷனுக்கு ஒரே தட்டில் சமத்துவம்!

“இவ்வளவு பளிச்னு தெரியுது, உனக்கு மட்டும் எப்படிப்பா தெரியல?” என்றார் மேனேஜர்.

“நான் கூரையில உட்கார்ந்தா ஓட்டினேன்? சீட்லேர்ந்து காட்டச் சொல்லுங்க சார்” என்றான் மருமகன்.

மேனேஜர் நியாயவான். கேமராவை இறக்கச் சொன்னார். திரை முழுக்க இரும்பு அலமாரி. வாட்ச்மேனைக் காணோம்.

“இது மறைக்குதேம்மா.”

“கேமராவுக்குப் பக்கத்துல இருக்கறதை வெட்டிடலாம் சார்.”

மவுஸை உருட்டினாள். அலமாரி மாயம். கூடவே ஸ்டீரிங்கும் மருமகனின் இரண்டு கைகளும் போயின.

“ஏம்மா, கையில்லாம எப்படி ஓட்டுவான்?” என்றேன்.

“பெரியவரே, கை இந்த விசாரணை வரம்புக்குள்ள வராது” என்றார் மேனேஜர்.

காலில் கட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் ஊன்றுகோலைத் தட்டினார். “எனக்கும் வண்டி இப்படித் தெரிஞ்சிருந்தா ஒதுங்கியிருப்பேனே சார்!”

அது ‘உணர்ச்சிவசப்பட்ட கருத்து’ என்று தள்ளுபடியானது. ‘தெளிவாகத் தெரிந்தும் மோதிய குற்றத்துக்காக’ மருமகனுக்கு வேலை நீக்கம்.

நான் எழுந்து பலமாகக் கைதட்டினேன். மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

“என்ன பெரியவரே, டெக்னாலஜி பிடிச்சிருச்சா?”

“பிடிக்காம இருக்குமா சார்? ‘ஆளு மறையுது, அலமாரியை நகர்த்துங்க’ன்னு இவன் வந்து கெஞ்சினப்போ, அசைக்கவே முடியாதுன்னு விரட்டினீங்க. இன்னைக்கு ஒத்தை விரல்ல எடுத்துட்டீங்க. அந்த விரலை, அவர் கால் முழுசா இருக்கும்போதே அசைச்சிருக்கலாமே?”