வாத்து செதுக்கிய துப்பாக்கி

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரே கம்பெனி, ஒரே மாதம், ஆளுக்கொரு ரெட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினோம். நீங்கள் வாங்கியது இருப்பதிலேயே மலிவு. நான் வாங்கியது அதைப்போல நாலு மடங்கு விலை, பக்கவாட்டில் ஜோடி வாத்து செதுக்கியது. விலைக்கேற்ற தரம் என்று நான் சொல்ல, "வாத்து வந்து சுடுமா மாப்ளே?" என்று நீங்கள் நாலு பேர் முன்னால் கேட்டீர்கள். ரிப்பேர்காரர் இரண்டையும் கழற்றிப் பார்த்து, "குழலும் விசையும் ஒண்ணுதான், சார் காசு கொடுத்தது வாத்துக்கு" என்றார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. இப்போது சொல்கிறேன், நீங்கள் சொன்னதுதான் சரி. ஒரு வருஷமாக வீம்புக்கு வாதாடினேன், மன்னிக்கணும்.

செவ்வாய்க்கிழமை காலை உங்கள் தங்கை மோட்டார் போட பம்பு ரூமுக்குப் போனாள். சோளக்காட்டிலிருந்து குட்டிகளோடு ஒரு காட்டுப்பன்றி வந்து அவளை மறித்துக்கொண்டது. சத்தம் கேட்டு நான் துப்பாக்கி எடுக்க ஓடினால், அது வெல்வெட் பெட்டிக்குள் மூணு துண்டாகக் கிடக்கிறது. உங்களுடையது மாதிரி கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுகிற சாமானா அது? பெட்டிச் சாவி சட்டைப் பையில், சட்டை ஊற வைத்த வாளியில். வெறுங்கை பட்டால் வாத்து கறுத்துப்போகும் என்று கம்பெனிக்காரன் கையுறை வேற கொடுத்திருக்கான், அதுல ஒண்ணைக் காணோம், தேடுறேன் தேடுறேன், அலமாரியெல்லாம் கவுத்துப் போட்டுட்டேன், அப்புறம் எண்ணெயைத் துடைச்சு, குழலை மாட்டி, நான் போய்ச் சேர்றதுக்குள்ள பக்கத்துத் தோட்டக்காரங்க தகரத்தைத் தட்டி அதை விரட்டிட்டாங்க. முழங்கால் கிழிஞ்சு அவ கிடந்தா.

கால் மடங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய கவலை, மூணு நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸம்மாவிடம் மட்டும், "எங்க அண்ணன் வீட்டுக்குத்தான் போவேன், இவரோட போக மாட்டேன்" என்கிறாளாம். முப்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு மச்சான், அவள் இல்லாமல் அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவேன்? உங்கள் பேச்சைத்தான் கேட்பாள். விலையைப் பார்த்து ஏமாந்ததுதான் மாப்பிள்ளை செய்த தப்பு, குற்றமெல்லாம் கம்பெனிக்காரனுடையது என்று நீங்களே வந்து அவளுக்கு எடுத்துச் சொல்லணும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போனபோது, படித்துக் காட்டும்படி உங்கள் தங்கை கையால் ஜாடை காட்டினாள். படித்தேன். முடியும்வரை கேட்டுவிட்டு, "பெட்டியிலயா இருந்துச்சு?" என்று கேட்டாள். மூணு நாளில் என்னிடம் பேசியது அவ்வளவுதான். பெட்டியில் இல்லை மச்சான். என் கையில்தான் இருந்தது, ரெண்டு தோட்டாவும் போட்டு. பதினைஞ்சு அடி தூரம்கூட இல்லை. "சுடுங்க, சுடுங்க"ன்னு கத்துனா. நான் பம்பு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. வந்து அவளைக் கூட்டிட்டுப் போங்க.