தோட்டாப் பெட்டிக் கோட்டையின் முற்றுகை

வெடிக்காத தோட்டாக்களின் வேந்தரும், மருந்து தீர்ந்த டப்பாக்களின் மாவலியும், எழுநூறு காலிப் பெட்டிகளைக் கட்டியாளும் கோமானும், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவருமான ஆர்லன் புரூபேக்கர் வாழ்க! ஒஹையோவின் சோளக்காடுகள்தோறும் அவர் திருநாமம் முழங்குக! துருவே, கரையானே, நிலவறை ஈரமே, இக்கதை முடியும்வரை அவருடைய பெட்டிகளை விட்டு விலகி நின்று அருள் புரியுங்கள்.

இப்பெருவீரர் பிறந்தது முதல் ஒரு துப்பாக்கியையும் சுட்டதில்லை. சத்தம் அவருக்கு ஆகாது. புதுவருடப் பட்டாசுக்கே காதில் பஞ்சு வைப்பார். ஆனால் வேட்டைக்காரனும் கரடியும் நேருக்கு நேர் முறைத்து நிற்கும் விளம்பரத் தட்டிகள், துப்பாக்கிக் கம்பெனி நாட்காட்டிகள், வெடிமருந்து அடைத்து விற்ற தகர டப்பாக்கள், தோட்டா வந்த அட்டைப் பெட்டிகள் என்று இடியும் புகையும் குடியிருந்து காலி செய்த வீடுகளையெல்லாம் தம் நிலவறையில் அடுக்கிவைத்திருந்தார். அத்தனை முழக்கத்துக்குமான கூடுகள் நிறைந்த அந்த அறையில் கேட்பதெல்லாம் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் முனகல் ஒன்றுதான். அதன் நடுவே நாற்காலி போட்டு, மணிக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். என்ன நினைப்பார் என்பது அவர் மனைவி லோயிஸுக்கும் தெரியாது.

ஆனால் அவர் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. என்றோ மூடிப்போன கருஞ்சிறகுக் கம்பெனி தன் நற்காலத்தில் நான்கு வகை மரப்பெட்டிகளில் தோட்டா அனுப்பியது. மூன்று அவரிடம் இருந்தன. சிவப்பும் கறுப்புமாய் இரண்டு மையில் வேட்டை நாய் அச்சிட்ட நான்காவதைக் கண்டவர் இல்லை. அது கிடைத்தால், சனிக்கிழமை மாவட்டத் திருவிழா மண்டபத்தில் கூடும் சேகரிப்பாளர் கண்காட்சியில், ஆண்டுதோறும் டுவைட் கெசலர் என்னும் கொடுங்கோலன் சட்டையில் குத்திக்கொண்டு திரியும் முதல் பரிசு நீல நாடா, ஆர்லனின் மார்பை அலங்கரிக்கும்.

அந்நிலையில்தான் தேவாலயத்து விருந்தில் பண்ணைக்காரி வெர்னா, பணியாரத் தட்டோடு நின்றபடி, ஓர் அசரீரியாய் வாய் திறந்தாள்.

"நாய் படம் போட்ட செவப்புப் பொட்டியா? எங்க கோழிக் கொட்டாயில கெடக்குதே. பியூலா அதுலதான் அடை உக்காந்திருக்கா."

வியாழக்கிழமை காலை படை புறப்பட்டது. வெட்சியோ தும்பையோ அந்நாட்டில் பூப்பதில்லை. ஆகவே தலைவர் தோட்டாக் கம்பெனிச் சின்னம் தைத்த தொப்பியைச் சூடினார். வாளாக அளவு நாடாவும் கேடயமாக ஒரு வாழைப்பழ அட்டைப் பெட்டியும் ஏந்தினார். நால்வகைப் படையும் ஒன்றாய்த் திரண்டதுபோல் லோயிஸ் வண்டியில் அமர்ந்து ஸ்வெட்டர் பின்னினாள்.

கோட்டை வாயிலில் வெர்னா போர்நெறியை அறிவித்தாள்.

"இந்தாப்பா ஆர்லன், பொட்டி எனக்கு வேண்டாம், சும்மாவே எடுத்துக்கோ. ஆனா அடையில இருக்கறவளத் தொட்டு எழுப்பக் கூடாது. அவளா எரை தின்ன எறங்குவா. அப்ப முட்டைய உன் பொட்டிக்கு மாத்து. வந்து அதுல உக்காந்தான்னா இது உன்னுது. உக்காரலைன்னா எடுத்த எடத்துல வெச்சிடணும்."

உள்ளே, வைக்கோல் அரியணையில், கறுப்பு வெள்ளைக் கோடுகள் கவசமாய்ப் படர, கண்ணிமைக்காமல் வீற்றிருந்தாள் பியூலா. பெட்டியின் பக்கத்தில் நூறாண்டுக்கு முன் அச்சான வேட்டை நாய், வால் விறைத்து, மூக்கை நீட்டி, பறவை எங்கே என்று தேடி நிற்க, அதன் தலைக்கு ஒரு சாண் மேலே பறவையே உட்கார்ந்திருந்தது. பறவைக் கூட்டங்களை வீழ்த்தவென்று தோட்டா சுமந்த பெட்டிக்குள் பறவைக் குலம் தழைத்துக்கொண்டிருந்ததை நம் தலைவர் கவனித்தாரா என்றால், இல்லை. மூலைகளில் மரப்பற்கள் பிரியாமல் கோத்து நிற்பதையும் சிவப்பு மை வெளுக்காததையும் கவனித்தார், கண் கலங்கினார்.

முற்றுகை தொடங்கியது. அவர் தீவனத்தைக் காட்டினார், அவள் பார்க்கவில்லை. தண்ணீரைச் சலசலத்தார், அவள் செவிமடுக்கவில்லை. நிழல் சுருங்கி மறுபடி நீண்டது.

"என்ன மனுஷா, இன்னும் சமாதானப் பேச்சுதானா?" வண்டியிலிருந்து லோயிஸ் குரல் கொடுத்தாள்.

"சத்தம் போடாத லோயிஸ். அவ கால அசைக்கிறா."

"நானுந்தான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கால அசைக்கிறேன். ஒரு தடவ திரும்பிப் பாத்திருப்பியா?"

அதற்கு விடை சொல்லும் இக்கட்டிலிருந்து தலைவரைக் காப்பதற்கென்றே பியூலா எழுந்தாள். இறகு உதறினாள், இறங்கினாள், இரண்டடி வைத்தாள். அடைக்கோழி பொழுதெல்லாம் அடக்கிவைத்து ஒரே முறை எய்வதும், மணத்தால் பீரங்கிப் புகையைப் பழிப்பதுமான அந்தப் பெருங்கணையை ஆர்லனின் காலணிமேல் எய்துவிட்டுப் போனாள். எழுநூறு தோட்டாப் பெட்டிகளின் அதிபதி தம் வாழ்நாளில் முதன்முறையாகச் சுடப்பட்டார்.

ஆயினும் கலங்கவில்லை. முட்டைகளை அட்டைப் பெட்டிக்கு மாற்றி, மரப்பெட்டியை வாரி மார்போடு அணைத்தார். அப்போது திரும்பிய பியூலா அட்டைப் பெட்டியை ஒரு கண்ணால் பார்த்தாள். மறு கண்ணாலும் பார்த்தாள். பிறகு ஊழிக்காற்றென இறகு விரித்து, உறுமி, எழும்பி, கொத்தி, தொப்பி வீழ, கண்ணாடி சரிய, வைக்கோல் விண்ணை மறைக்கப் பொருது, தலைவர் எதை உயிரினும் மேலாய் இறுக்கிப் பிடித்திருந்தாரோ அந்த வெறும் பெட்டிக்குள்ளேயே குதித்து உட்கார்ந்துகொண்டாள்.

"முடிஞ்சுதுப்பா," என்றாள் வெர்னா. "எறக்கி வையி. முட்டை ஆறிடப் போவுது."

கைக்கு வந்த வெற்றி கை நழுவும் அக்கணத்தில், காலணி நாற, மூக்கில் குருதி துளிர்க்க, ஆர்லன் புரூபேக்கர் திசையெட்டும் அதிர முழங்கினார்: "அப்ப கோழியையும் சேத்தே குடுத்திடுங்க!"

வெர்னா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வண்டிப் பக்கம் திரும்பினாள். "இவரு நல்லாப் பாத்துக்குவாரா லோயிஸ்?"

"அவன் பொட்டியப் பாத்துக்குவான். கோழிய நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை வந்தது. மூன்று பெட்டிகள் முன்செல்ல, நான்காவது பெட்டி பியூலாவைச் சுமந்து பல்லக்குபோல் பவனி வர, நீல நாடா இனி தமதே என்னும் பெருமிதம் முகத்தில் சுடர, ஆர்லன் மண்டபத்து வாயிலை அடைந்தார். வாயில் காத்தவன் பலகையைச் சுட்டிக்காட்டினான்: வெடிக்கக்கூடிய சரக்கு உள்ள எந்தப் பெட்டியும் உள்ளே வரக் கூடாது.

"இதுல கோழிதான் இருக்கு," என்றார் ஆர்லன். "தோட்டா இல்ல."

வரிசையில் பின்னால் நின்ற டுவைட் கெசலர் தன் கழுத்தை நீட்டினான். "கோழிக்கு அடியில என்னன்னு பாருங்கண்ணே. எனக்கென்னமோ சத்தம் கேக்குது."

காவலன் குனிந்து காது வைத்தான். ஓட்டுக்குள்ளிருந்து யாரோ டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார் இது?"

"முட்டை."

"வெடிக்குமா, வெடிக்காதா?"

பொய் ஒன்று சொன்னால் நாடா கிடைக்கும். மண்டபத்தின் உள்ளே விளக்குகள் ஒளிர்ந்தன. அவருக்கென ஒதுக்கிய மேசைமேல் பச்சைத் துணி விரித்திருந்தது. பியூலா கொக்கரிப்பதை நிறுத்தினாள். காற்றும் நின்றது. ஆர்லன் பெட்டியைப் பார்த்தார். நாய்ப் படத்தை அல்ல, உள்ளே. நிலவறையில் இயந்திர முனகலைக் கேட்பதுபோலவே காது கொடுத்தார். உள்ளே மறுபடி டக்கென்றது.

"வெடிக்கும்," என்றார். "ஓடு இப்பவே வெடிச்சிரும்போல இருக்கு."

அன்று நீல நாடாவை டுவைட் வாங்கினான். ஆர்லன் கோழித்தீவனம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.