வேம்பார் பஸ்ஸில் நான் நடத்திய மதுவிலக்கு

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

வேம்பார் கோயில் கமிட்டித் தலைவர், மதிப்பிற்குரிய சம்பந்தியார் பவுல் அவர்களுக்கு ஞானையா எழுதிக்கொண்டது. தேவமாதா கிருபையால் இங்கு நானும் மகள் ஜெர்லினும் சுகம். தாங்களும் அல்போன்சா அக்காவும் மாப்பிள்ளை ஜெனோவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நிச்சயம் ஆகுமுன்பே சம்பந்தியார் என்று எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். நேற்றுச் சாயங்காலம் போனில் தாங்களே என்னை அப்படித்தான் கூப்பிட்டீர்கள்.

குடிக்கிற வீட்டில் சம்பந்தம் வைப்பதில்லை என்று முதல் பேச்சிலேயே சொன்னவர் தாங்கள். நானோ துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையில் இருந்த காலமெல்லாம் கப்பல்காரர்கள் நீட்டிய கிளாஸைக் கும்பிட்டுத் திருப்பியவன். அப்படிப்பட்டவன் நேற்று தங்கள் வாசலில் வந்து நின்ற கோலத்துக்குக் காரணம் என்ன என்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் சொன்னால் பெருமையடிப்பது போலிருக்கும், அதனால் எழுதுகிறேன்.

கல்யாணப் பேச்சுக்கு வெறுங்கையோடு வரக்கூடாதென்று நேற்றுக் காலையிலேயே உடன்குடி போய், பனையேறி இசக்கியப்பனின் பனை விளையில் பதநீர் வாங்கினேன். அவர் மரத்தின் மேலே இருந்தார். "அங்கன இருக்கு, ஊத்திக்கோங்க அண்ணாச்சி" என்றார். வரிசையாகச் சில பானைகள், மூலையில் தனியாக ஒன்று. முன்வரிசைப் பானைகளை நான் தொடவே இல்லை. நல்லதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை வெளியூர்க்காரன் தலையில் கட்டுகிற வியாபாரம் எனக்குத் தெரியாதா? மூலைப் பானையில் நுரை பொங்கி நின்றது. அதைத்தான் கேன் நிறைய ஊற்றிக்கொண்டேன். சரக்குப் பார்க்கிற கண் சும்மா போகுமா?

தூத்துக்குடியில் வேம்பார் பஸ் மாறினேன். முன் ஸீட்டில் ரெனிஷ் என்று ஒரு பையன், விசைப்படகில் கடலுக்குப் போகிறவன், கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிராந்தியைக் கலந்து குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த பிளாரன்ஸ் என்ற நர்ஸம்மா நாற்றம் தாங்காமல் எழுந்து நின்றுகொண்டார். டிக்கெட் எடுத்த பெண்பிள்ளை நிற்கிறது, பாட்டில் உட்கார்ந்து வருகிறது. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது சம்பந்தியாரே. பஸ்ஸுக்குள் மது அருந்தக்கூடாது என்று எழுதித்தான் போட்டிருக்கிறது, எழுதினதோடு சரி. பஸ்ஸில் குடியை நிஜமாகவே தடை செய்யக் கோரும் மனு எப்போதும் என் பையில் இருக்கும். அதை எடுத்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன்.

ரெனிஷ் சண்டைக்கு வரவில்லை. "கடல்ல கெடந்து காஞ்சுட்டு வாரேன் அண்ணாச்சி. யாரு வம்புக்கும் போகாம ஒரு ஓரமாத்தான குடிக்கேன்" என்றான். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் நான் விடவில்லை.

"வீட்டுல போயிக் குடி, ஒன் இஷ்டம். இது எல்லாரும் போற வண்டில்லா. நீ ஓரமா இருந்தாலும் ஒன் வாடை ஓரமாவா இருக்கு?"

பஸ்ஸே கைதட்டியது. பையன் பாட்டிலை ஜன்னல் வழியே கவிழ்த்துவிட்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தான். பாவமாக இருந்தது. மதுவை விடச் சொன்னால் மட்டும் போதுமா, மாற்று காட்ட வேண்டாமா? கேனைத் திறந்தேன். மூடி படாரென்று தெறித்து மேலே போய் இடித்தது, அவ்வளவு வீரியம். ஒரு தம்ளர் குடித்தவன் என்னை மரியாதையோடு பார்த்து, "இனி நானும் ஒங்க பக்கந்தான் அண்ணாச்சி" என்றான். அப்புறம் பஸ் முழுக்கத் தம்ளர் சுற்றியது. நர்ஸம்மா ஒரு மடக்கு குடித்து என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு என்ன நினைத்தாரோ மிச்சத்தையும் குடித்துவிட்டார். நானும் இரண்டு தம்ளர் குடித்தேன். கொஞ்சம் புளிப்பு இருந்தது, இந்த வருஷம் வெயில் அப்படி. டிரைவரும் கண்டக்டரும் மட்டும் டூட்டியில் எதுவும் குடிப்பதில்லை என்று மறுத்ததில் எனக்கு இன்னும் வருத்தம். குளத்தூர் தாண்டும்போது பஸ்ஸே மாதா பாட்டு பாடிக்கொண்டு வந்தது, எல்லாரும் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள், நானும் பரவசத்தில் என் மனுவில் நானே மூன்று இடத்தில் போட்டேன்.

நெடுநேரம் நின்று பேசியதால் இறங்கும்போது கால் பின்னியது. ரெனிஷ்தான் தோள் கொடுத்துக் கூட்டி வந்தான். தங்களையும் தங்கள் வாசல் தூணையும் நான் கட்டிப்பிடித்தது பாசத்தால்தான். தாங்கள் முகம் கறுத்து, "அப்புறம் சொல்லி அனுப்புதோம்" என்றீர்கள். பஸ்ஸை ஜெயித்தவன் வாசலில் தோற்றேனே, தாயில்லாப் பிள்ளைக்கு வந்த நல்ல இடம் என்னால் போயிற்றே என்று கேனை அங்கேயே வைத்துவிட்டு வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.

ஆனால் சத்தியம் தோற்குமா? சாயங்காலம் தாங்களே போன் போட்டீர்கள். அதுவரை தாங்கள் சிரித்து நான் கேட்டதே இல்லை. "பதநீ அமிர்தம்லா சம்பந்தி! அடுத்த ஞாயித்துக்கெழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிருவோம்" என்றீர்கள். பின்னால் அக்காவும் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நேர்மையான மனிதன் பஸ்ஸில் செய்த காரியம் வேம்பார் வரை பேசப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். ஜெர்லின் சந்தோஷத்தில் எனக்கு இரண்டாவது தடவை காப்பி போட்டாள்.

பனிமய மாதா தங்கள் வீட்டையும், உப்பளத்தையும், வரப்போகும் பேரப்பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். அக்காவுக்கு என் தோத்திரம்.

இப்படிக்கு,
ஆயுளில் ஒரு சொட்டு அறியாத,
ஞானையா.

பி.கு.: கவரை ஒட்டும்போது இசக்கியப்பன் போன் போட்டார். "மூலையில இருந்தது ஆப்ப மாவுக்கு வச்ச பானைல்லா அண்ணாச்சி. சுண்ணாம்பு தடவாதது. அது பதநீ இல்ல, கள்ளு. அதையா கொண்டு போனீரு?" என்றார். மனுவை எடுத்துப் பார்த்தேன். ஒரு கையெழுத்தும் கோட்டின் மேல் நிற்கவில்லை. பஸ்ஸில் குடியைத் தடை செய்யத்தான் வேண்டும், இப்போது அனுபவத்தோடு சொல்கிறேன். கேனில் மிச்சம் இருந்தால் அக்காவை ஆப்பத்துக்கு ஊற்றச் சொல்லுங்கள். நேற்று தாங்கள் கொடுத்த வாக்கு நெஞ்சிலிருந்து வந்ததா கேனிலிருந்து வந்ததா என்று ஜெர்லின் கேட்கிறாள். போனில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தலைவலி விட்டதும் இன்னொரு தடவை சொல்லிவிடுங்கள். குடிக்காத வீடு என்று இனி நாம் இரண்டு பேருமே சொல்லிக்கொள்ள முடியாது. அந்த வகையில் பொருத்தம் பிரமாதம்தான்.