முதல் கையெழுத்து யாருடையது?

கூட்டுக்குழு அதிகாரி என்று ஓர் இனம் உண்டு. இரண்டு அரசுகளுக்கு நடுவே ஓடுகிற ஆறு கெட்டுப்போய், பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று இரு பக்கமும் சொல்லி வாய் மூடுவதற்குள், இவர் எங்கிருந்தோ வந்து நீள மேஜையில் உட்கார்ந்துவிடுவார். கையில் போன கூட்டத்தில் கொடுத்த பை. பைக்குள் அதற்கும் முந்திய கூட்டத்தில் கொடுத்த பேனா. ஆற்றைப் பார்த்திருக்கிறாரா? ஓ, வரைபடத்தில் பார்த்திருக்கிறார். ஜன்னலை மட்டும் சாத்தச் சொல்வார். நாற்றத்தில் யோசனை ஓடவில்லையாம்.

பொல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். தேநீர் இடைவேளையில் எதிர்ப்பக்கத்து அதிகாரியிடம் மகள் கல்யாணத்தை விசாரிப்பார், முழங்கால் வலிக்குத் தைலம் சொல்வார். மேஜைக்குத் திரும்பியதும் இருவர் முகமும் இறுகிவிடும். ஆற்றில் மிதக்கிற நுரை அந்தக் கரையிலிருந்து வருகிறது என்று இவர் சொல்ல, இந்தக் கரையிலிருந்துதான் என்று அவர் சொல்ல, மத்தியானச் சாப்பாடு வந்துவிடும்.

போன கூட்டத்தில் குறிப்பெடுக்கும் வேலை எனக்கு. நட்டாற்றில் எடுத்த தண்ணீர் ஒரு பாட்டிலில் மேஜைமேல் இருந்தது. அதில் ஒட்டிய சீட்டில் இரு பக்கமும் கையெழுத்திட்டு மூன்று நாளுக்குள் அனுப்பினால்தான் பரிசோதனை. கெட்ட தண்ணீர் என்று முடிவு வந்தால்தான் கரையோர ஊருக்குத் தண்ணீர் லாரி வரும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் முதலில் கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? நீங்கள் மூத்தவர், நீங்களே போடுங்கள் என்று இவர் பாட்டிலை நகர்த்துவார். விருந்தாளிக்குத்தான் முதல் மரியாதை என்று அவர் திருப்பி நகர்த்துவார். இப்படியே இரண்டு நாள்.

மூன்றாம் நாள், அந்தத் தண்ணீரை எடுக்கப் படகு ஓட்டிய அம்மாள் வந்து கதவோரம் நின்றாள்.

"குடிக்கலாமா, கூடாதா, அத மட்டும் சொல்லுங்கய்யா. மருமக மாசமா இருக்கா. வேற தண்ணி இல்ல."

நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாக, நானே பார்த்தேன். அம்மா கேட்பது நியாயம், குறிப்பில் சேருங்கள் என்றார். குழு "கவலை" கொள்கிறதா, "ஆழ்ந்த கவலை" கொள்கிறதா என்று நான் கேட்டுத் தொலைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சாயங்காலம்வரை அதே பேச்சு. ஆழ்ந்த கவலை என்று ஒருமனதாக முடிவானபோது பாட்டிலின் கெடு முடிந்திருந்தது. மூன்று மாதம் கழித்துப் புதிதாகத் தண்ணீர் எடுப்பதென்று தீர்மானம். அதற்கும் நீங்கள்தான் படகு ஓட்ட வேண்டும் என்று அம்மாளிடம் அன்பாகச் சொன்னார்கள்.

"அதுக்குள்ள பிள்ளையே பொறந்துடுமேய்யா."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்மா" என்றார் நம்மவர். மனதாரத்தான் சொன்னார். என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எப்படிப்பட்ட ஆட்களப்பா என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்கள், இல்லையா? நல்லது. உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் சாக்கடை அடைத்து எத்தனை நாளாகிறது? அந்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேட்டதும் நீங்களும் உச்சுக் கொட்டினீர்கள். குச்சியை எடுத்தீர்களா? அவர் முதலில் குனியட்டும் என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரும் தம் வீட்டு மாடியில்தான் நிற்கிறார், உங்களைப் பார்த்துக்கொண்டு.