ஆழ்ந்த மூச்சும் மூன்று பெட்டிச் சூடையும்

கரம்பொன்.

அன்பு மகள் யூலியானாவுக்கு,

இயேசுவுக்குத் தோத்திரம். நானும் அம்மாவும் சுகம். கனடாவில் நீயும் மருமகனும் குளிருக்கு அகப்படாமல் இருக்க மாதா துணை செய்வாராக. இதை எழுதுவது அப்பாவேதான். கோயில் மாலை வகுப்பில் எழுத்துப் படித்தபின் இதுவே என் முதற்கடிதம். மெதுவாக எழுதுகிறேன், நீயும் மெதுவாக வாசி.

இரத்த அழுத்தம் குறையும் வரை கடலுக்குப் போகக்கூடாது என்று கிளினிக் தாதி மறித்ததைக் கேட்டு, 'அமைதியான காலைக்கு நாலு பழக்கங்கள்' என்று தொலைபேசியில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாய். நானே வாசித்தேன். முடிய மத்தியானமாகிவிட்டது, அன்றைய காலை மிக அமைதியாகப் போயிற்று. முதலாவது, விடியலோடு அவசரமில்லாமல் எழும்பவேண்டுமாம். ஐம்பது வருடம் இரண்டு மணிக்கு எழும்பிப் பழகியவன், ஐந்து மணி வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு அவசரமில்லாமல் கிடந்தேன். இரண்டாவது, வெறும் வயிற்றில் இளஞ்சூட்டுத் தண்ணீர். தேத்தண்ணி கேட்டால் உன் அம்மா, "மகள் சுடுதண்ணி எண்டுதானே எழுதியிருக்கிறாள்? தேயிலை எண்டு எங்கையும் கிடக்கோ? நீங்கள்தானே வாசிக்கத் தெரிஞ்சவர்" என்கிறாள். படித்தவனுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

மூன்றாவது, காற்றோட்டமான இடத்தில் கண்ணை மூடி ஆழமாக மூச்செடுப்பது. கரையைவிடக் காற்று எங்கே? போய் இருந்தேன். அது மீன் ஏலம் கூறும் நேரம். மூச்சு உள்ளே போகத் தலை நிமிர்ந்தது, வெளியே வரத் தலை குனிந்தது. எங்கள் கரையில் தலையாட்டினால் விலைக்குச் சம்மதம் என்பது உனக்குத் தெரியும். பட்டியல் எழுதிய பெரியவருக்குத் தெரியாதுபோலும். ஏலம் கூறுகிற சில்வெஸ்ரர், "மூண்டு பெட்டிச் சூடையும் யாக்கோப்பு அண்ணைக்கு!" என்று கத்தினான்.

"டேய், நான் மூச்சல்லோ விட்டனான்!"

"அஞ்சு தரம் ஆட்டினியள் அண்ணை. மற்றவங்கள் பயந்து விட்டிட்டாங்கள்."

மூன்று பெட்டிச் சூடை மீனையும் பொழுதுபடும் வரை நானும் அம்மாவும் வெட்டிக் காயப்போட்டோம். அப்போது உன் அம்மா அமைதியைப் பற்றிச் சொன்னதை எழுத நான் படித்த எழுத்துப் போதாது. நாலாவது, நன்றியோடு மூன்று விடயங்களை நினைக்கவேண்டும். மூன்று பெட்டிகளையும் நினைத்தேன்.

ஆகையால் மகளே, இனிப் பட்டியல் ஒன்றும் அனுப்பாதே. உங்கள் இருவர் தலையிலும் கைவைத்து ஆசீர்வதிக்கிறேன்; கையில் இன்னும் மீன் மணம்தான்.

இப்படிக்கு,
அப்பா யாக்கோப்பு

பின்குறிப்பு: நாளுக்கு நாலு வரியாக, காலையில் உட்கார்ந்து எழுதி, பன்னிரண்டு நாளில் இதை முடித்தேன். நேற்று அழுத்தம் பார்த்த தாதி, "நல்லாக் குறைஞ்சிட்டுது ஐயா. விடியக்காலமை என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டாள். "மகளை ஏசிக் கடிதம் எழுதிறனான்" என்றேன். "அதை விடாதேங்கோ. கடலுக்கும் போங்கோ" என்றாள். திங்கள் வள்ளம் இறக்குகிறேன். ஏசுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த பட்டியலை உடனே அனுப்பு.