சுவர் ரேக் உயர்மட்டக் குழு

மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதே சுவரில் எதையாவது மாட்டுவதற்காகத்தான் என்பது என் உறுதியான நம்பிக்கை. நெருப்பும் சக்கரமும் நடுவில் வந்த பொழுதுபோக்குகள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இந்த உண்மையை முழுமையாக உணர்ந்தவர் ஒருவர்தான். அவர் என் பக்கத்து வீட்டு வெர்லின் ஹாகன்.

வெர்லினின் கராஜ் பெயருக்குத்தான் கராஜ். உண்மையில் அது "பட்டறை". அங்கே ரம்பங்கள் இருந்தன, இழைப்பு இயந்திரம் இருந்தது, டப்பா டப்பாவாக மரப்பசை இருந்தது. குளிரில் பசை கெட்டுப்போகாமல் இருக்க ஒரு ஹீட்டர். ஹீட்டரால் பீர் சூடாகிவிடாமல் இருக்க ஒரு ஃப்ரிட்ஜ். இத்தனை வருடங்களில் அந்தப் பட்டறையில் உருவான ஒரே பொருள் அந்தப் பட்டறைதான். இருந்தாலும் என்ன, அது பெரிய சாதனை இல்லையா?

அவர் மனைவி ஆர்லிஸ் முதியோர் இல்லத்தில் நர்ஸ். விடியும் முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டும். அவருடைய கார் வெளியே, பனியில் நிற்கும். எங்கள் ஊர்க் குளிரில் எஞ்சினைச் சூடாக வைக்க அதிலிருந்து தொங்கும் ஒயரைக் கரண்டில் சொருகி வைக்காவிட்டால் காலையில் அது கார் இல்லை, பாறாங்கல். பட்டறையில் இருந்த பிளக்குகளோ வெர்லினின் சார்ஜர்களுக்கே போதவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் காபி ஊற்றிக்கொண்டே ஆர்லிஸ் சொன்னார்: "இந்த வருஷம் கார் உள்ள நின்னா நல்லா இருக்கும்னு தோணுது."

எங்கள் ஊரில் யாரும் குறை சொல்வதில்லை. வீடு பற்றி எரிந்தாலும் "இன்னிக்குக் கொஞ்சம் கதகதப்பா இருக்கு" என்போம். ஆகவே அந்தத் "தோணுது" வேறு ஊராக இருந்தால் தட்டை விட்டெறியும் சத்தமாக இருந்திருக்கும்.

வெர்லின் மனைவியின் கோரிக்கையை மதித்தார். எந்தக் கணவனும் அவ்வளவு மதித்திருக்க மாட்டான். கார் உள்ளே வரவேண்டுமானால் தரை காலியாக வேண்டும். தரை காலியாக வேண்டுமானால் சாமான்கள் சுவரேற வேண்டும். சுவரேற வேண்டுமானால் கனரக ரேக் வேண்டும். ரேக் வேண்டுமானால் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு வேண்டும்.

குழுத் தலைவர் வெர்லின். தொழில்நுட்ப உறுப்பினர் மில்டன் ராஸ்கி, பாலங்களைச் சோதனை செய்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது நான். விவசாயிகளுக்கு ஆலங்கட்டி மழை இன்சூரன்ஸ் விற்றவன் என்பதால் எதிலும் கெடுதலை முன்கூட்டியே பார்க்கும் திறமை எனக்கு உண்டு என்று சேர்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமைதோறும் ஹீட்டருக்குப் பக்கத்தில் கூடினோம்.

முதல் கூட்டத்திலேயே மில்டன் அடிப்படைக் கேள்வியைக் கேட்டார். "எவ்வளவு கனம் வைக்கப்போறோம்னு தெரியாம எவ்வளவு தாங்கணும்னு நான் எப்படிப்பா சொல்றது?"

குளியலறையிலிருந்து எடை மெஷின் வந்தது. சுத்தியல் முதல் பசை டப்பா வரை அத்தனையும் அதன்மேல் ஏறி இறங்கின. முடிவு அதிர்ச்சியாக இருந்தது. மொத்தச் சாமானும் ஒரு சாதாரண மரப்பலகைக்கே போதாத கனம். இதற்குக் கனரக ரேக் மாட்டினால் ரேக்குக்கு அவமானம் என்று மில்டன் கவலைப்பட்டார். வெர்லின் தயங்கவே இல்லை. மறுநாளே போய், கொல்லர்கள் இரும்பு அடிக்கும் பெரிய பட்டடைக்கல் ஒன்றை வாங்கி வந்தார். அதைத் தரையில் இறக்கிய பிறகுதான் எங்கள் திட்டத்துக்கு ஒரு "கனம்" வந்தது. கார் நிற்க வேண்டிய இடத்தில் இன்னும் கொஞ்சமும் போனது.

அடுத்தது தேர்வு. மில்டனுக்கு எஃகுக் கரங்கள் நீட்டிய ரேக் பிடித்திருந்தது. எனக்கு மரச்சட்டத்தில் கொக்கி போட்டு மாட்டுவது. வெர்லினுக்குக் கம்பி வலை. வேறு ஊர் ஆட்கள் என்றால் அடித்துக்கொண்டாவது முடிவெடுத்திருப்பார்கள். நாங்கள் பண்பட்டவர்கள். தேவாலய விருந்தில் தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டு கேக்கைக்கூட முழுதாக எடுக்க மாட்டோம். ஒருவர் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை வைப்பார். அடுத்தவர் அதில் பாதி. கடைசியில் எறும்புக்குப் போதாத துணுக்கு ஒன்று தட்டிலேயே காயும். அப்படிப்பட்டவர்கள் ஒரு ரேக்கை மட்டும் அடித்துப் பிடுங்கிவிடுவோமா? மில்டன் மனம் நோகக் கூடாதென்று நான் எஃகுக்கு மாறினேன். என் மனம் நோகக் கூடாதென்று மில்டன் அதே வாரம் மரத்துக்கு மாறியிருந்தார். வெர்லின் இருவருக்கும் தலையாட்டினார். அடுத்த வாரம் மறுபடி மாறிக்கொண்டோம். நவம்பர் முழுவதும் இந்த மரியாதையிலேயே போயிற்று.

வெளியே பனி கொட்டியது. ஒரு சனிக்கிழமைக் காலை ஆர்லிஸ் பட்டறைக் கதவைத் திறந்து, கார்க் கண்ணாடியின் பனியைச் சுரண்டும் கருவி எங்கே என்று கேட்டார். அது எடைபோட்டு அடுக்கிய சாமான்களுக்கு அடியில் இருப்பதாகவும், இப்போது கலைத்தால் கணக்குக் குழம்பும் என்றும் மில்டன் பணிவாக எடுத்துச் சொன்னார். ஆர்லிஸ் போய்த் தோசைத் திருப்பிபோல இருந்த ஒரு சமையல் கரண்டியை எடுத்து வந்து கண்ணாடியைச் சுரண்டினார்.

"நல்ல குளிருதான்," என்றார் உள்ளே எட்டிப் பார்த்து.

"ஆமாமா," என்றார் வெர்லின். "அந்தக் கதவைச் சாத்திட்டுப் போ ஆர்லிஸ். பசை கெட்டுடும்."

ஜனவரியில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் நிறைவேறியது. யார் மனமும் புண்படாதபடி மூன்று வகை ரேக்கையும் வாங்கினோம். ரேக்கின் தகுதிக்கேற்ற நீளத்தில் போல்ட்டுகளும் வாங்கினோம். அந்த நீளத்துக்கேற்ற சுவர்தான் இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் சமையலறை. போல்ட் நுனிகள் சுவரின் ஜிப்சம் பலகையைத் துளைத்து, அலமாரிக்குள் புகுந்து, மாவுப் பையைக் குத்திக்கொண்டு நின்றன.

ஆர்லிஸ் வந்து பார்த்தார். "இது ஒரு மாதிரி வித்தியாசமா இருக்கு," என்றார். எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. வெர்லின் நன்றி சொன்னார்.

திறப்பு விழாவன்று மில்டன் எஃகு ரேக்கைப் பிடித்து வௌவாலாகத் தொங்கிக் காட்டினார். ரேக் அசையவில்லை. நாங்கள் கை தட்டினோம். "ஆர்லிஸோட காரையே இதுல மாட்டலாம்," என்றார் மில்டன் பெருமிதத்தோடு.

வாசலில் ஆர்லிஸ் நின்றிருந்தார். இமை மயிரிலெல்லாம் பனி. கார் கிளம்பவில்லை என்றும், வேலைக்கு வர முடியாது என்று போனில் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். பிறகு, நான் அறிந்தவரையில் வாழ்க்கையில் முதல் தடவையாக, நேராக ஒரு கேள்வி கேட்டார்.

"வெர்லின், கார் எப்ப உள்ள வரும்?"

"ரேக் சுவர்ல கொஞ்சம் பழகட்டும் ஆர்லிஸ். பனி கரைஞ்சதும் சாமான ஏத்திடலாம்."

ஆர்லிஸ் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். எவ்வளவு அனுசரணையான பெண்மணி என்று நாங்கள் வியந்தோம்.

அடுத்த சனிக்கிழமை என் காரிலிருந்து ஒயர் போட்டு அவர் காரைக் கிளப்பிக் கொடுத்தேன். பின் இருக்கையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. அரிசோனாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்.

"அங்க கராஜ் இருக்கா?" என்று கேட்டார் வெர்லின். அந்த நேரத்தில் அவருக்கு வேறு கேள்வி தோன்றவில்லை.

"இல்ல. அங்க தேவைப்படாது."

"எப்ப வருவ?"

"பாக்கலாம்," என்றார் ஆர்லிஸ்.

எங்கள் ஊரில் விடைபெறுவது சுலபமான காரியம் இல்லை. கதவருகே ஒரு மணி நேரம், கார் அருகே ஒரு மணி நேரம் ஆகும். அன்று அது காரின் கதவு சாத்தும் நேரத்தில் முடிந்துவிட்டது. வெர்லின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மில்டனும் பார்க்கவில்லை. கீழே குனிந்திருந்தார்.

கார் நின்ற இடம் மட்டும் பனியில்லாமல், நீள்சதுரமாகக் கறுப்பாகத் தெரிந்தது. மில்டன் பையிலிருந்து டேப்பை எடுத்து அதை அளந்தார். குழு அந்தக் காரை அளந்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே வந்தோம். வெர்லின் வேலை மேசையின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினார். மேசை சுவரோரம் போய் நின்றது. பட்டடைக்கல்லை மூன்று பேருமாக மூலைக்கு நகர்த்தினோம். மில்டன் தரையை அளந்தார்.

"கார் நிக்கும்," என்றார்.

"எல்லாத்தையும் ரேக்ல ஏத்தினாத்தானே?" என்று கேட்டார் வெர்லின்.

"ரேக்கே வேணாம்."

பிறகு குழு தன் முதல் ஏகமனதான முடிவை எடுத்தது. இவ்வளவு நல்ல இடத்தை வீணாகப் போடக் கூடாது. மூன்று நாற்காலிகளை அங்கே போட்டோம். குளிரே தெரிவதில்லை.